ஸ்காட்லாந்துக் கல்வீட்டுக்கு நான் செய்த உபகாரம்

எங்கள் வீட்டைக் கட்டியவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு கல் கொத்தனார். அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: மனிதருக்குத் திசை தெரியாது. அவருடைய ஊரில் வெயில் தெற்கிலிருந்து வரும். அதனால் அங்கே வீட்டு முகப்பைத் தெற்கே வைத்து, ஜன்னல்களையும் அந்தப் பக்கமே திறப்பார்கள். கப்பலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பூமியின் மறுபாதிக்கு வந்து இறங்கியவர், இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது என்பதை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. சிட்னிப் புறநகரான நார்த்மீடில் ஓடைக்கு மேலே உள்ள மேட்டில், வாசலும் இரண்டு ஜன்னல்களும் தெற்கே பார்க்க, வடக்குச் சுவரில் ஒரு துவாரம்கூட வைக்காமல், சொந்த ஊர் வீட்டை அப்படியே கட்டி நிறுத்திவிட்டார். பனி வழுக்கி விழ வேண்டும் என்று கூரையைச் செங்குத்தாகச் சரித்திருக்கிறார். பனிதான் இன்னும் வந்து சேரவில்லை.

இதைக் கிண்டல் செய்ய உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். வீட்டை வாங்குவதற்கு முன்னால் சென்னையில் ஒரு வாஸ்து நிபுணரை வீடியோ அழைப்பில் பிடித்து, கையில் செல்போன் திசைகாட்டியோடு அந்தக் கல்வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவன் நான். தென் அரைக்கோளத்தில் வாஸ்து தலைகீழாகுமா என்று கேட்டேன். அவர், திசைன்னா திசைதான் சார், ஆஸ்திரேலியாவுக்காக எமன் வீடு மாத்த மாட்டான் என்றார். தெற்கு வாசலுக்குப் பரிகாரமாக ஒரு செப்புத் தகடும் சொன்னார். வாங்கி மாட்டினேன். ஆக, ஊர் மாறினாலும் திசை மாறாத தலைகள் அந்த வீட்டுக் கணக்கில் மொத்தம் மூன்று: கொத்தனார், நிபுணர், நான்.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். திருச்சியில் படித்தேன், தமிழ்நாட்டில் சில வருஷம் அரசாங்கக் கட்டட வேலைகளில் வெயிலில் நின்றேன், அதன் பிறகு இருபத்தைந்து வருஷமாக சிட்னியில் கார் பார்க்குகளுக்குத் தூணும் தளமும் கணக்குப் போடுகிறேன். பாரமட்டாவைச் சுற்றி நீங்கள் காரை நிறுத்திவிட்டு, எந்தத் தளத்தில் நிறுத்தினோம் என்று தேடி அலைந்திருந்தால், அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் மனைவி இலங்கை மன்னார்க்காரி, கத்தோலிக்கர், ஆஸ்பத்திரியில் மருந்தாளர். எங்கள் வீட்டில் எதற்கும் இரண்டு சொல் உண்டு. எனக்குச் சமையலறை என்றால் அவளுக்குக் குசினி. எனக்கு நாற்காலி, அவளுக்குக் கதிரை. தவறு என்பதற்கு மட்டும் ஒரே சொல்தான். அதை நான் பயன்படுத்தியதில்லை. எங்கள் தொழிலில் அது கெட்ட வார்த்தை. எதையும் ஒப்புக்கொள்ளாதே, எழுத்தில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதே என்று காப்பீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் வந்து பாடம் எடுப்பார்கள். அலுவலகத்திலேயே நான்தான் நல்ல மாணவன்.

கெல்லிவில்லில் எங்களுக்கு ஐந்து படுக்கையறை வீடு இருந்தது. பிள்ளைகள் வேலைக்கென்று மெல்பர்ன் பக்கம் போன பிறகு, அதில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க நாங்கள் போனில் கூப்பிட வேண்டியிருந்தது. சின்ன வீடாகப் பார்க்கலாம் என்றாள் என் மனைவி. ஒரு சனிக்கிழமை நார்த்மீடில் இந்தக் கல்வீட்டுக்குள் நுழைந்தவள், ஜன்னல் மாடத்தில் போய் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

உட்காரலாம்தான். சுவரின் கனம் இரண்டு அடி. வெளியே ஜன்னல் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே வர வர இரண்டு பக்கமும் சரிவாக விரிந்து, ஒருவர் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு இடம் விடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்புவதற்கு அந்த ஏற்பாடு. மொத்த வீடே இரண்டு அறைதான். நடுவில் ஒரு சிறிய நடை. அதன் இடப்பக்கம் ஓர் அறை, வலப்பக்கம் ஓர் அறை. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கணப்பு, ஒவ்வொரு புகைபோக்கி. குசினியும் குளியலறையும் யாரோ பிற்காலத்தில் பின்னால் ஒட்டவைத்த பலகைக் கட்டடம். மூலைக்கு மூலை பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கியிருந்தார் அந்த ஸ்காட்லாந்துக்காரர். ஒவ்வொன்றின் முகத்திலும் உளி சாய்வாக விட்ட வரிகள், சீப்பு போட்டு வாரியது மாதிரி. வாசல் மேலிருந்த கல்லில் ஒரு வருஷமும், அதன் இரு பக்கமும் கணவன் மனைவியின் முதலெழுத்துகளும் வெட்டப்பட்டிருந்தன. அது அவர்கள் ஊர் வழக்கமாம். மாவிலைத் தோரணம் கட்ட ஆணி அடிக்க அங்கே இடமில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டை விற்றவர் எண்பது தாண்டிய ஒரு கிழவர். ஐம்பது வருஷம் அங்கேயே இருந்தவர். எங்களைவிட அதிகம் தரத் தயாராக ஒரு பில்டர் இருந்தும், என் மனைவி ஜன்னலில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்கே கொடுத்தார். சாவி கொடுத்த அன்று மூன்று மணி நேரம் எங்களை வெளியே நிற்க வைத்து ஒவ்வொரு சுவராகச் சொன்னார். எந்தக் கல் இடி விழுந்து வெடித்தது, எந்த இடுக்கை எந்த வெயில் காலத்தில் பூசினார், அன்றைக்கு அவர் மனைவி என்ன சமைத்தாள் என்பது வரை. நான் மரியாதைக்கு ம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது, எதையும் நம்பாதீர்கள் என்று முதல் நாளே என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். கிழவருக்கு அது தெரியும். தன் மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிப்பதே அவருக்கு அப்போது முழுநேர வேலை.

போகும்போது ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். இந்தச் சுவரில் சிமெண்ட் மட்டும் வைக்காதே. சுண்ணாம்பு மட்டும்தான். கல்லுக்குள் ஏறும் தண்ணீர் இடுக்கு வழியாக வெளியே வர வேண்டும், அதை அடைத்துவிட்டால் கல் செத்துவிடும் என்றார். நிச்சயமாக என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அடுத்த வாரமே, குளியலறைக்குப் பக்கத்தில் அவர் விட்டுப்போன ஒரு மூடிபோட்ட வாளியைத் திறந்து பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. கெட்டுப்போன தயிர் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அது அவர் வருஷக்கணக்கில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவி வாய்க்குள்ளேயே சுண்ணாம்பைப் போட்ட வம்சத்தில் பிறந்து, பொறியியலும் படித்தவனுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

முதல் சில மாதங்கள் கிழவர் மாதத்துக்கு ஒரு தரம் டாக்சியில் வந்து வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். பிறகு விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குப் போனார். அதன் பின் போன் மட்டும்தான். சுவர் எப்படி இருக்கிறது என்பார். சூப்பர் என்பேன்.

இந்தச் சமயத்தில்தான் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தோம். வீட்டைக் கட்டி நூற்றைம்பது வருஷம் ஆனால் என்ன, எங்களுக்குப் புதுமனைதானே. ஒரு மாதம் முன்னதாக கெல்லிவில் நண்பர் ஒருவர் எட்டிப் பார்க்க வந்தார். அவர் ஐ.டி. வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டு, அதில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று செருப்பும் கொடுப்பவர். என் வீட்டுச் சுவரில் விரலை விட்டுக் குடைந்தார். இடுக்கிலிருந்து சுண்ணாம்பும் மணலும் பொலபொலவென்று உதிர்ந்தன. கூடவே சிப்பித் துண்டுகள். அந்தக் காலத்தில் கடற்சிப்பியைச் சுட்டுத்தான் இங்கே சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"என்ன சார், இன்ஜினியர் வீடே இப்படிக் கொட்டுது?" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் செய்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. நாற்பது குடும்பம் வரப்போகிறது. அத்தனை பேரும் விரலை விட்டுக் குடைவார்கள். நம்மவர்கள் கூடும் ஹரிஸ் பார்க் இனிப்புக் கடையில் நின்று இதைப் பேசுவார்கள். கிழவருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. இல்லையென்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவர் ஒரு பழைய தபால்காரர், நான் படித்தவன். தபால்காரர் சொல்லி நான் கலவை தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நினைத்தேன்.

இரண்டு வார இறுதிகள். பழைய சுண்ணாம்பை இடுக்கிலிருந்து சுரண்டி எடுத்தேன். முந்தாநாள் புட்டு மாதிரி உதிர்ந்து வந்தது. ஹார்டுவேர் கடையிலிருந்து சிமெண்ட் மூட்டைகள் கொண்டுவந்தேன். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல். அணைக்கட்டுக்குப் போடும் கலவை. கரணையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே ஒரு குஷி. வெறுமனே அடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நம் ஊரில் அரசாங்கக் குடியிருப்புகளின் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டை மேடாக எழுப்பி, வளைத்து வளைத்து, புடைத்த நரம்பு மாதிரி ஓடவிட்டிருப்பார்கள். அந்தப் பாணியில் செய்தேன். காய்ந்ததும் அந்த நரம்புகளுக்குக் கறுப்புப் பெயின்டும் அடித்தேன். ஸ்காட்லாந்துக்காரர் சீப்பு போட்டு வாரிய கல்லெல்லாம் அதன் நடுவில் ஆமை முதுகு மாதிரி ஆயின.

என் மனைவி ஒரு தரம் வெளியே வந்து பார்த்தாள். அந்த மனிசன் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர் என்றாள். அவருக்கு என்ன தெரியும் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? சிமெண்ட் வைத்தால் தண்ணீர் விட வேண்டும். அது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பத்து நாள் காலையும் மாலையும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நாலு சுவரையும் நனைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வேலிக்கு மேலாக என்னைப் பார்ப்பாள். நான் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவளுக்குக் கையசைப்பேன். உள்ளும் புறமும் இரண்டு அடுக்குக் கல்லும், நடுவில் சுண்ணாம்பும் சல்லியுமாக நிரப்பிய அந்த ஸ்காட்லாந்துச் சுவர் அத்தனை தண்ணீரையும் மரியாதையாகக் குடித்தது. வெளியே வரும் வழியைத்தான் நான் ஏற்கெனவே அடைத்துவிட்டேனே.

விழா பிரமாதமாக நடந்தது. காலையில் ஐயர் கணப்பிலேயே ஹோமம் வளர்த்தார். புகைபோக்கியோடு கூடிய ஹோம குண்டத்தை வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று நெகிழ்ந்துபோனார். பதினோரு மணிக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். சுவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர். கெல்லிவில் நண்பர் சுவரைத் தடவிப் பார்த்து, இப்பதான் சார் ஊட்டி கெஸ்ட் ஹவுஸ் மாதிரி இருக்கு என்றார். நான் பெருமையில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மழை விடாமல் பெய்தது. குசினியை ஒட்டிய அறையின் உட்சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறியது. பிறகு இடுப்பு உயரம். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த அவளுடைய கல்யாணக் கூறைச் சேலையில் பூஞ்சை பிடித்தது. இன்ஜினியர் என்ற முறையில் உடனடியாகக் காரணத்தைக் கண்டுபிடித்தேன்: நீ புட்டு அவிப்பதால் வரும் நீராவி. அதற்குப் பிறகு அவள் மூன்று வாரம் புட்டே அவிக்கவில்லை. கடை ரொட்டி, அவளுக்குப் பாண், வாங்கிச் சாப்பிட்டோம். ஈரம் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

பிறகு வெளியே கல் உரியத் தொடங்கியது. என் சிமெண்ட் நரம்புகள் கம்பீரமாக அப்படியே நின்றன. அவற்றுக்கு நடுவில் இருந்த மஞ்சள் மணற்கல் அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது. உளி வரிகள் இருந்த முகங்கள்தான் முதலில் போயின. தினமும் காலையில் அலுவலகம் போகும் முன் விழுந்ததையெல்லாம் பெருக்கி, அவள் பார்ப்பதற்குள் செடிக்கு அடியில் தள்ளிவிடுவேன். நான் செய்ததன் விளைவு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தவனுக்குத்தான் பெருக்கத் தோன்றும்.

அவள் என்னிடம் சொல்லாமலே நகர கவுன்சிலுக்குப் போன் செய்துவிட்டாள். பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் வீடு என்பதால் அதற்கென்று உள்ள அதிகாரி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். முன்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். எங்காவது கோரமான விபத்தைப் பார்த்தால் நிற்போமே, அப்படி. பிறகு மிகவும் மரியாதையாக, இந்த சிமெண்டை வைத்தது யார் என்று கேட்டார்.

என் மனைவி தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றாள்.

"முன்னாடி இருந்தவர்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. இருபத்தைந்து வருஷப் பயிற்சி அதுவாகவே வேலை செய்தது. அதிகாரி குறித்துக்கொண்டார். அகற்றுவதற்கு முன் என்ன கலவை என்று தெரிந்தால் நல்லது, முந்தைய உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றார். எழுதுங்களேன் என்று நானும் தாராளமாகத் தலையாட்டினேன். இல்லத்தில் கிடக்கும் கிழவருக்கு வரும் கடிதத்தை யார் படிக்கப்போகிறார்கள்.

அவர் போனதும் என் மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அந்த மனிசன் இன்னும் உயிரோடதான் இருக்கிறார்" என்றாள். சட்டச் சிக்கல், அபராதம், காப்பீடு என்று சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தேன். அவள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் டாக்சி வந்து நின்றது. கிழவர். வயதானவர்கள் பிடித்து நடக்கும் தள்ளு வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கவுன்சில் கடிதம் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு சுவரைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். என் மனைவி ஓடிப்போய்க் கதிரை எடுத்து வந்தாள். அவர் உட்காரவில்லை. சிமெண்ட் நரம்பு ஒன்றின்மேல் கட்டை விரலை வைத்து, அது போகும் வழியெல்லாம் வளைந்து வளைந்து தடவிக்கொண்டே போனார். கல் உரிந்த இடத்தில் கை வந்ததும் எடுத்துவிட்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "இதை நான் எப்போது செய்தேன் என்று ஞாபகமே வரவில்லை. ஆறு நாளாக யோசிக்கிறேன். ஐம்பது வருஷம் எல்லோரிடமும் சிமெண்ட் வைக்காதே என்று சொன்னவன் நான். ஆனால் கடிதத்தில் நான்தான் என்று போட்டிருக்கிறது. செய்திருப்பேன்."

வீட்டைக் கெடுத்து உங்கள் தலையில் கட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே சொன்னார். என் கையைத் தேடிப் பிடித்தும் கொண்டார். மகள் அவரை அந்த இல்லத்திலேயே இன்னொரு பகுதிக்கு மாற்றச் சொல்கிறாளாம். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும் பகுதி. அங்கே போனவர்கள் தனியாக டாக்சி பிடிக்க முடியாது. இத்தனை நாள் முடியாது என்று சண்டை போட்டாராம். இன்றைக்குத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். "அவள் சொல்வதுதான் சரி போலிருக்கிறது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். தமிழில், அவருக்குப் புரியாத மொழியில், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களில் வியர்க்காமல் பொய் சொன்னவன். அன்று பயந்துபோனேன். நான் பயந்தது அபராதத்துக்கல்ல, கவுன்சிலுக்கல்ல. அந்தக் கிழவர் என் கையை இன்னும் விடவில்லை; சொன்னால் விட்டுவிடுவார் என்று பயந்தேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"நான்தான் செஞ்சேன்" என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்ல நினைத்துத் தமிழில் சொல்லிவிட்டேன். மறுபடி அவர் மொழியில் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருந்தும் செய்தேன். அதிகாரியிடம் உங்கள் மேல் போட்டதும் நான்தான். உங்களுக்கு எதுவும் மறக்கவில்லை.

அவர் கையை விட்டார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வாய் கோணி, தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுதிக் கொடு என்றார். என் மகளுக்குக் காட்ட வேண்டும். உன் கைப்பட எழுது. இன்ஜினியர் என்றும் போடு.

உள்ளே போய் ஒரு தாளில் எழுதி எடுத்து வந்தேன். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே கிழித்தாள். சுவரின் நிலை, மழை, ஈரப்பதம், கலவை விகிதம் எல்லாம் அதில் சரியாக இருந்தன. நான் மட்டும் எங்குமே இல்லை. இரண்டாவது தாளை அவள் பக்கத்தில் நின்று, நான் எழுத எழுதப் பார்த்தாள். நான்கு வரிதான். அதில் தவறு என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டு, கீழே பட்டம், பதிவு எண் எல்லாம் எழுதினேன். கிழவர் அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, நாலாக மடித்து, கவுன்சில் கடிதத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான், முழுசாக இருபது நிமிஷம், என்னைத் திட்டினார். கப்பல் துறைமுகத்தில்கூட அப்படிப்பட்ட சொற்கள் இப்போது புழக்கத்தில் இருக்குமா தெரியாது. டாக்சிக்காரர் இறங்கி வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். ஒன்றுமில்லை, அவர் சரியாகத்தான் சொல்கிறார் என்றேன்.

கவுன்சிலுக்கும் உண்மையை எழுதினேன். அபராதம் வந்தது, காப்பீட்டுக்காரர்கள் ஒரு புதிய வகுப்புக்கு என்னை அழைத்தார்கள். சிமெண்டை இயந்திரத்தால் எடுக்கக்கூடாது, கல் உடையும். சுத்தியலும் உளியும் வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் இரண்டு முழ நீளம் எடுக்கலாம். இரண்டு வார இறுதியில் நான் வைத்ததை எடுக்க, இந்த வேகத்தில், இன்னும் மூன்று வருஷம் ஆகும். அவ்வளவு நல்ல கலவை.

கிழவர் தன் பழைய அறையிலேயே இருக்கிறார். சாவி அவரிடமே இருக்கிறது. என் மனைவி வாரா வாரம் புட்டும் சம்பலும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறாள். என்னைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை. நான் கார் பார்க்கில் காத்திருப்பேன். இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவளிடம் கேட்பாராம்: அந்த முட்டாள் போன வாரம் இடது ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது வரிசையில் நின்றான், இப்போது எந்தக் கல் வரைக்கும் வந்திருக்கிறான்? ஒரு வாரம்கூட வரிசையைத் தப்பாகச் சொன்னதில்லை.